நோன்பு நாளில் ருசி பார்க்காத சர்பத்

அல்லாஹ்வின் பெயரைச் சொல்லி எழுதத் தொடங்குகிறேன். எனக்குப் படிப்பு ஐந்தாம் வகுப்பு வரைதான். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் என்னிடம் கேட்டது, நமது வெயில்காலக் கசகசாக் கலவையின் அளவைத்தான். எத்தனை தேசிக்காய் பிழிவது, எவ்வளவு இஞ்சி, புதினா எப்போது போடுவது என்று எழுதித் தரச் சொன்னீர்கள். அதற்காகத்தான் இந்தக் கொப்பியை வாங்கினேன். அளவு கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. அதைப் பார்த்து எவரும் கலக்கலாம். ஆனால் அந்தக் கலவை எப்படி நமது கடைக்கு வந்தது என்பது அளவில் இல்லை. அது என்னுடைய ஒரு பிழையால் வந்தது. முதலில் அந்தப் பிழையைப் படியுங்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுப்பகுதி. எனக்குக் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள். கண்டி டவுனில் சந்தைக்குப் பின்னால் இருந்த நமது கடையை என் மனைவியின் மூத்த சகோதரர், அதாவது என் மச்சான், நடத்தினார். முன்னால் நின்று விற்பது அவர் பொறுப்பு, பின்னால் நின்று காய்ச்சிக் கலப்பது என் பொறுப்பு. அந்தக் காலத்தில் நம்மிடம் பேர் பெற்றது நன்னாரி சர்பத் ஒன்றுதான்.

நன்னாரி வேரை நாவலப்பிட்டியிலிருந்து ஒரு அக்கா கொண்டுவருவார். அவருடைய புருஷன் ரயில் பாதை வேலைக்காரர். அக்கா மலைச்சரிவுகளில் வேர் தோண்டி, கட்டுக் கட்டாகக் கட்டி, சாக்கில் போட்டு ரயிலில் வருவார். அவர் பேரை நான் கேட்டதில்லை. நாவலப்பிட்டி அக்கா என்றால் கடையில் எல்லோருக்கும் தெரியும். வேர் கொடுப்பதில் அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. பின்கதவுப் படியில் உட்கார்ந்து சாக்கை அவிழ்ப்பார். ஒவ்வொரு கட்டிலும் கை போட்டு நாலைந்து வேரை உருவி, நுனியைக் கடித்து மெல்லுவார். சாறு நாக்கில் இனித்து மணம் மூக்கில் ஏறினால் அந்தக் கட்டை என் கையில் தருவார். இல்லாவிட்டால் துப்பிவிட்டு ஓரமாகப் போடுவார். பல் படாத கட்டு அவர் கையிலிருந்து என் கைக்கு வந்ததே இல்லை.

நமக்கும் ஒரு வழக்கம் இருந்தது. கலந்து முடிந்ததும் ஐஸ் போடுவதற்கு முன் சிரட்டைக் கரண்டியால் கொஞ்சம் எடுத்து உள்ளங்கையில் ஊற்றி ருசி பார்ப்பேன். நோன்பு மாதத்தில் எனக்குப் பதிலாக ஐஸ் வண்டிக்காரர் பார்ப்பார். ரயிலில் வரும் ஐஸ்கட்டியை மரத்தூளும் சாக்கும் சுற்றிக் கைவண்டியில் தள்ளிக்கொண்டு வருகிறவர் அவர். தோட்டத்திலிருந்து டவுனுக்கு வந்து குடியேறிய இந்து மனிதர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் அண்ணே என்பேன், முஸ்லிம் ஆண்களை அழைக்கும் வழக்கப்படி அவர் என்னை நானா என்பார். மூன்று வருட நோன்பில் அவர்தான் நமது நாக்கு.

அந்த வருடம் நோன்பு மார்ச் மாத வெயிலில் வந்தது. குளத்தில் தண்ணீர் இறங்கிப் படிக்கட்டு தெரிந்தது. பிலிமத்தலாவையில் புடவைக் கடை வைத்திருந்த ஒரு முதலாளி நோன்புக்கு முந்திய வாரம் வந்தார். அவருடைய உம்மா மவுத்தாகி மூன்று மாதம் ஆகியிருந்தது.

"கடைசிப் பத்து நாளும் உம்மாட தொண்டையில எறங்கினது உங்கட நன்னாரித் தண்ணி மட்டுந்தான்" என்றார். "பெரிய பள்ளியில ஒரு வெள்ளிக்கிழமை நோன்பு தொறக்கிற எல்லாருக்கும் அதையே குடுக்கணும். முந்நூறு பேர் வருவாங்க. அவங்கட துஆ உம்மாக்குப் போய்ச் சேரணும்."

நான் நெஞ்சில் கை வைத்து ஒப்புக்கொண்டேன். அன்றிரவே மனதுக்குள் ஒரு நிய்யத்தும் உறுதியாக வைத்தேன். நோன்பாளிகளுக்குப் போகிற சர்பத், அதுவும் மவுத்தான ஒரு தாயின் பேரால் போகிற சர்பத். அதில் அவர்களுக்கு முன்னால் எவருடைய நாக்கும் படக் கூடாது. என் நாக்கும் படாது, வண்டிக்காரர் நாக்கும் படாது.

என்னிடம் யாரும் அப்படிக் கேட்கவில்லை. தேவைக்காக நுனிநாக்கில் வைத்துப் பார்த்து விழுங்காமல் துப்பிவிட்டால் நோன்பு முறியாது என்று பள்ளிவாசல் ஆலிம் எனக்கு முன்பே சொல்லியிருக்கிறார். உள்ளங்கையில் ஊற்றிப் பார்த்தால் கலக்கும் கிடாரத்தில் எச்சில் படப் போவதுமில்லை. எல்லாம் தெரிந்துதான் வைத்தேன். மார்க்கம் கேட்டதற்கு மேல் ஒரு படி ஏறி நின்றால் அல்லாஹ் கூடுதலாகப் பார்ப்பான் என்று ஒரு நினைப்பு. அதை அன்று பக்தி என்று எண்ணினேன்.

புதன்கிழமை நாவலப்பிட்டி அக்கா வந்தார். வழக்கமாக மூன்று கட்டு. அன்று பத்துக் கட்டு. படியில் உட்கார்ந்து சாக்கை அவிழ்த்தார். ஒரு வேரை உருவி வாய்க்குக் கொண்டுபோனார். அப்போது என்னைப் பார்த்தார். நான் நாக்கு வறண்டு, சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தேன். கையிலிருந்த வேரைத் திரும்பக் கட்டிலேயே செருகினார்.

நான் அதைக் கண்டேன். என் நோன்புக்கு மரியாதை செய்கிறார், நல்ல மனுஷி என்று சந்தோஷப்பட்டேன். ஒரு வார்த்தை கேட்காமல் பத்துக் கட்டையும் தூக்கி உள்ளே வைத்தேன்.

வியாழக்கிழமை காய்ச்சினேன். மணம் தெருவரைக்கும் போனது. எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்து, இரண்டு பெரிய செப்புக் கிடாரத்தில் பாகும் தண்ணீரும் கலந்து மூடி வைத்தேன். ஐஸ் மட்டும்தான் பாக்கி.

மணிக்கூட்டில் ஐந்துக்குக் கால் மணி இருக்க வண்டிக்காரர் வந்தார். ஐஸை இறக்கிவிட்டு, வழக்கம்போல உள்ளங்கையை நீட்டினார்.

"இண்டைக்கு வேணாம் அண்ணே. இது யார் நாக்கும் படாமப் பள்ளிக்குப் போகணும்."

அவர் கை அப்படியே நின்றது. "நாக்கு எங்கங்க படுது? கையிலதானே ஊத்துவீங்க" என்றார். பிறகு, "சரி நானா, ஒங்க இஷ்டம்" என்று சொல்லி ஐஸை உடைக்கப் போய்விட்டார். அவர் முகம் சுருங்கியதை நான் பார்த்தேன்.

முதல் கட்டியைக் கிடாரத்தில் போட்டபோது சர்பத் தெறித்து அவர் மணிக்கட்டில் பட்டது. வேண்டுமென்றே செய்தாரோ, பழக்கத்தில் செய்தாரோ தெரியாது. அதை நக்கினார். நான் சத்தம் போட வாயைத் திறக்கும்முன் அவர் வெளியே போய்த் துப்பிவிட்டு வந்தார்.

"நானா, கோவிக்காதீங்க. இது கசக்குது."

முன்பக்கத்திலிருந்து மச்சான் எட்டிப் பார்த்தார். "ருசி பாக்கக் குடுக்கல்லண்டு கதை கட்டுறார் இவர்."

"சாமி சத்தியமாச் சொல்றேங்க. நன்னாரி இருக்கு. அதுக்கு அடியில வேற என்னமோ இருக்கு."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. அவர் மேல்தான் கோபம். ஆனால் அந்த மனிதர் மூன்று வருடத்தில் ஒரு நாளும் ருசியில் பொய் சொன்னதில்லை. சிரட்டையை எடுத்தேன். பிஸ்மில்லாஹ் சொல்லி நுனிநாக்கில் ஒரு சொட்டு வைத்தேன். முதலில் இனிப்பு. பிறகு நன்னாரி. அதற்குப் பிறகு நாக்கைப் பிடித்து இழுப்பதுபோல ஒரு கசப்பு. துப்பினேன். மூன்று முறை வாய் கொப்பளித்தும் அது போகவில்லை.

நோன்பு திறக்கும் பாங்குக்கு ஒன்றரை மணி நேரம்தான் இருந்தது. பழைய நன்னாரிப் பாகு இரண்டு நாளைக்கு முன்பே தீர்ந்துபோயிருந்தது.

"இன்னம் நாலு போத்தல் சீனிப்பாகு ஊத்து. தேசிக்காயப் புழி" என்றார் மச்சான். "கசப்பு அமுங்கும். தாகத்தில ஈக்கிறவனுக்கு என்னத்த வெளங்கப் போகுது?"

"கசப்பு அமுங்கும் மச்சான். கசக்கிற சாமான் உள்ளதானே கெடக்கும்?"

"நஞ்சாண்டு ஒனக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"தெரியாட்டி எதுக்குக் கொட்டுற?"

"தெரியாததுக்குத்தான் கொட்டணும்."

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று படியுங்கள். புளிப்பு கூடினால் சரிசெய்யலாம், இனிப்பு கூடினால் சரிசெய்யலாம். எதனால் வந்த ருசி என்று தெரியும்போதுதான் சரிசெய்ய நமக்கு உரிமை உண்டு. எங்கிருந்து வந்தது என்று தெரியாத ருசியை மூடி மறைப்பது கைத்திறமை ஆகாது. விடியற்காலைக்குப் பிறகு பச்சைத் தண்ணீர் படாத முந்நூறு வயிறுகள். அதில் கிழவர்கள் இருப்பார்கள், முதல் நோன்பு பிடித்த பிள்ளைகள் இருப்பார்கள். முதல் மிடறாக அவர்களுக்குள் போவது நாம் கொடுப்பதுதான். அந்த நேரத்தில் இவ்வளவு தெளிவாக நான் யோசிக்கவில்லை. என் மூத்த மகள் அன்றைக்குத் தன் முதல் நோன்பைப் பிடித்திருந்தாள். அவள் கையில் இந்தச் சர்பத்தைக் கொடுப்பேனா என்று நினைத்துப் பார்த்தேன். அவ்வளவுதான்.

கிடாரத்தின் ஒரு காதைப் பிடித்தேன். தனியாக அசைக்க முடியவில்லை. மச்சான் கெட்டவர் இல்லை, பயந்தவர். "மவுத்தான மனுஷிட பேரால ஏத்துக்கிட்டதுக்கு என்ன பதில் சொல்லப் போற?" என்று கேட்டுக்கொண்டேதான் மற்றக் காதைப் பிடித்தார். இரண்டு கிடாரச் சர்பத்தும் பின்வாய்க்காலில் போனது. தெரு முழுக்க நன்னாரி மணத்தது. அந்த மணம் எனக்கு அழுகையைக் கொண்டுவந்தது.

பிறகு அழ நேரமில்லை. கடையில் என்ன இருக்கிறது என்று பார்த்தேன். தேசிக்காய் ஒரு கூடை. இஞ்சி. சீனி. உப்பு. ஒரு டின் நிறையக் கசகசா, அதாவது நாம் சர்பத்தில் ஊறப்போடும் திருநீற்றுப்பச்சை விதை. எதிரே தம்பிலி விற்றவரிடம் செவ்விளநீர் குவிந்து கிடந்தது. சந்தையில் புதினா விற்ற பெண்கள் இன்னும் எழும்பிப் போகவில்லை. எல்லாம் கண்ணால் கண்டு பேர் சொல்லக்கூடிய சாமான்கள். அன்றைக்கு எனக்கு அதுதான் வேண்டியிருந்தது.

கசகசாவை ஊறப்போட்டுவிட்டு, மச்சானைத் தம்பிலி வெட்ட அனுப்பினேன். இஞ்சியை இடித்துப் பிழிந்தேன். புதினாவைக் கையால் கசக்கிப் போட்டேன். தேசிக்காய் பிழிந்த விரலில் பழைய காயம் எரிந்தது. முதல் கலவை முடிந்ததும் வண்டிக்காரரைத் தேடினேன். அவர் கதவுக்கு வெளியே தன் வண்டியில் சாய்ந்து நின்றிருந்தார்.

"அண்ணே, கையை நீட்டுங்க."

"யார் நாக்கும் படக் கூடாதுன்னீங்களே?"

"நான் சொன்னது பிழை. நீட்டுங்க."

அவர் உடனே நீட்டவில்லை. கையை வேட்டியில் நன்றாகத் துடைத்தார். பிறகு நீட்டினார். ஊற்றினேன். கண்ணை மூடிக் குடித்தார்.

"உப்பு பத்தல."

உப்புப் போட்டேன்.

"இஞ்சி முன்னுக்கு நிக்குது. எளநி இன்னும் ஊத்துங்க."

ஊற்றினேன். மூன்றாவது முறை அவர் ஒன்றும் சொல்லாமல் கையை மறுபடி நீட்டினார்.

"என்ன அண்ணே, இன்னம் குறையா?"

"கொறை ஒண்ணும் இல்லீங்க. எனக்கும் தாகமா இருக்குல்ல?" என்றார். பிறகு சிரித்தார். "மூணு வருசமா நா ஓசில குடிக்கிறேன்னு நெனச்சீங்க. வேலைதான் பாத்தேன்னு இப்பவாவது தெரியுதா?"

தெரிகிறது என்றேன்.

கிடாரங்களை அவருடைய வண்டியிலேயே ஏற்றிப் பள்ளிக்குத் தள்ளிக்கொண்டு போனோம். பாங்குக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது. வரிசை வரிசையாகப் பாய் விரித்து, கஞ்சிக் கோப்பையும் பேரீச்சம்பழமும் வைத்திருந்தார்கள். பிலிமத்தலாவை முதலாளி முதல் வரிசையின் ஓரத்தில் தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டிருந்தார். சர்பத்தை ஊற்றிவிட்டுப் பிறகு சொல்லலாம் என்று மச்சான் என் காதில் சொன்னார். பிறகு சொன்னால் அது மன்னிப்புக் கேட்பது. முன்னால் சொன்னால்தான் வேண்டாம் என்று சொல்லும் உரிமை அவருக்கு இருக்கும். நான் அவர் முன்னால் போய்க் குந்தினேன்.

"முதலாளி, நன்னாரி கெட்டுப் போச்சு. வேர்ல என்னமோ கலந்திருக்கும் போல. ஏன் கசந்திச்சிண்டு எனக்குத் தெரியல்ல. எல்லாத்தையும் கொட்டிட்டன். இது தம்பிலியும் கசகசாவும் தேசிக்காயும். நல்லாத்தான் ஈக்கு, ருசி பாத்தாச்சு. ஆனா உங்கட உம்மாக்கு நீங்க நேந்தது இது இல்ல. வேணாண்டா சொல்லுங்க, வெறும் ஐஸ் தண்ணி ஊத்துறன். பிழை என்னிலதான்."

அவர் கையில் மணி நின்றது. என்னைப் பார்க்கவில்லை. பாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உம்மா கசப்பு மருந்து குடிச்சுக் குடிச்சு, கடைசியில அதுவும் எறங்காமத்தான் மவுத்தானா" என்றார். "அவட பேரால யாருக்கும் கசப்புக் குடுக்க வேணாம். ஊத்துங்க."

பாங்கு சொன்னார்கள். முந்நூறு பேர் குடித்தார்கள். யாரும் பாராட்டவில்லை, யாரும் குறை சொல்லவுமில்லை. தாகத்தில் இருப்பவர்கள் கோப்பையை நீட்டுவார்கள், அவ்வளவுதான். இரண்டாம் முறை நீட்டியவர்கள் அதிகம் என்று மட்டும் மச்சான் சொன்னார். அடுத்த வாரம் கடைக்கு வந்து, "பள்ளியில குடுத்தீங்களே, அது ஈக்கா?" என்று கேட்கத் தொடங்கினார்கள். நீங்கள் அளவு கேட்ட கலவை அதுதான். அன்று வாசலில் நின்ற வண்டிக்காரருக்கு முதலாளியே ஒரு செம்பு நிறையக் கொண்டுபோய்க் கொடுத்தார் என்பதைப் பிறகுதான் அறிந்தேன்.

தொழுகை முடிந்ததும் முதலாளியிடம் போய், அடுத்த வெள்ளிக்கிழமை நன்னாரியே தருவேன், என் செலவில் தருவேன் என்றேன். அவர் தலையை ஆட்டினார். ஆனால் அந்தத் தலையாட்டலில் முன்பு இருந்த நம்பிக்கை இல்லை. அதைத் திரும்ப வாங்க எனக்கு ஒரு வாரம் இருந்தது.

திங்கட்கிழமை நாவலப்பிட்டி அக்கா வந்தார். வருவார் என்று தெரிந்து, இரண்டு நாளாகக் கடும் வார்த்தைகளைச் சேர்த்து வைத்திருந்தேன். அவர் புதிய சாக்கைப் படியில் இறக்கினார். நான் நடந்ததைச் சொன்னேன். கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஐயையோ நானா! பத்துக் கட்டு கேட்டீங்களேன்னு பக்கத்துத் தோட்டத்து லயத்துப் புள்ளையையும் கூட்டிக்கிட்டுப் போனேன். அவ புதுசு. நன்னாரியும் ஒரு கசப்புக் கொடியும் ஒண்ணாப் பின்னிக்கிட்டுக் கெடக்கும், வேரும் பாக்க ஒண்ணு மாதிரியே இருக்கும். அது ஆளக் கொல்லாது நானா. ஆனா வெறும் வயித்துல குடிச்சா கொடலப் பொரட்டி எடுத்துரும்."

"தெரிஞ்சவங்க ஏன் கடிச்சுப் பாக்கல்ல? ஒவ்வொரு நாளும் கடிக்கிற வேரை அண்டைக்கு மட்டும் ஏன் திரும்ப வச்சீங்க?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "எப்பிடி நானா கடிக்கிறது? நீங்க தண்ணிகூடக் குடிக்காம காஞ்சு போய் நிக்கிறீங்க. ஒங்க மூஞ்சிக்கு முன்னால குந்திக்கிட்டு நான் மென்னு துப்பினா நல்லாவா இருக்கும்?"

சேர்த்து வைத்திருந்த வார்த்தைகள் எனக்கே பொருந்தின. அந்த மனுஷி என் நோன்பை மதித்து அவருடைய வேலையை நிறுத்தினார். நான் கண்ணால் கண்டு அதில் பெருமைப்பட்டேன். வண்டிக்காரருடைய வேலையை நானே நிறுத்தினேன். காவலுக்கு நின்ற இரண்டு நாக்கையும் என் நோன்பின் பேரால் கட்டிப் போட்டது நான். நோன்பு எனக்குக் கடமை. அதற்காக என்னைச் சுற்றி நிற்பவர்கள் தங்கள் வேலையை விட வேண்டும் என்று அல்லாஹ் எங்கும் சொல்லவில்லை. உங்களில் தொழுகிறவர்களும் இருக்கிறீர்கள், கோயிலுக்குப் போகிறவர்களும் இருக்கிறீர்கள். யாராக இருந்தாலும் இதை மட்டும் மறக்க வேண்டாம். உங்கள் பக்தியைப் பார்த்து ஒருவர் தன் கடமையிலிருந்து கை எடுத்தால், அதில் குளிர்ந்து போகாதீர்கள். அந்த இடத்தில் ஓட்டை விழுந்துவிட்டது என்று அறியுங்கள்.

"இந்தச் சாக்குல எத்தனை கட்டு அக்கா?" என்றேன்.

"நோன்பு மாசம்னு இந்தத் தடவையும் பத்துதான். நானே தோண்டினது. ஆனா இனி எப்பிடி நம்புவீங்க?"

"ஒண்டொண்டாக் கடிங்க. ஒவ்வொரு கட்டுலயும்."

அவர் சாக்கை அவிழ்த்தார். முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டு, என் பக்கம் முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்துத் திரும்பினார்.

"அப்பிடி வேணாம் அக்கா. இந்தப் பக்கம் பாத்து உக்காருங்க. எனக்குத் தெரியணும்."

"பாத்தா ஒங்களுக்கு நாக்கு ஊறுமே நானா!"

"ஊறட்டும். அதுக்குத்தானே நோன்பு."

அவர் சிரித்துவிட்டார். திரும்பி உட்கார்ந்து முந்தானையை எடுத்துவிட்டு, முதல் வேரைக் கடித்தார்.